சரளைப் பாதைக்கு எந்த டயர், எவ்வளவு காற்று: முதலில் தீர்மானிக்க வேண்டியது எது?

புழுதிப்பயணி:

வணக்கம். பல ஆண்டுகள் தார்ச்சாலையில் மட்டுமே ஓட்டிவந்த நான், மூன்று மாதங்களுக்கு முன் கிராவல் சைக்கிளுக்கு, அதாவது சரளை, மண் பாதைகளிலும் ஓடும் அகல டயர் சைக்கிளுக்கு மாறினேன். சைக்கிளோடு வந்த 700×38 (38 மி.மீ. அகல) டயரில் டியூப் போட்டு, முன்னும் பின்னும் 65 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) காற்று வைத்து ஓட்டுகிறேன். என் எடை 78 கிலோ, சைக்கிள் 10 கிலோ, பை 4 கிலோ. நாற்பது கிலோமீட்டர் தாண்டுவதற்குள் உள்ளங்கைகள் மரத்துப்போகின்றன. சரளை உதிரியாகக் கிடக்கும் வளைவுகளில் முன்சக்கரம் வழுக்குகிறது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் தத்துகிறது. பெரிய பட்டன்கள் (டயரின் மேல் புடைத்து நிற்கும் ரப்பர்க் கட்டைகள்) உள்ள 45 மி.மீ. டயர் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். எந்த வகைப் பட்டன் நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இரும்புச்சட்டம்:

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளுக்கும் அந்த 65 பி.எஸ்.ஐ. ஒன்றே போதுமான காரணம். அழுத்தத்தைச் சரிசெய்யாமல் புது டயர் வாங்கினால், அது நல்லதா கெட்டதா என்பதே உங்களுக்குத் தெரியவராது. இன்று மாலையே முன்சக்கரத்தை 40க்கும் பின்சக்கரத்தை 44க்கும் இறக்கி, வழக்கமாகப் போகும் பாதையில் ஒருமுறை போய்வாருங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

காற்றுமானி:

மேலே சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். அதற்கான காரணத்தையும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தார்ச்சாலையிலிருந்து வருபவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

டயரின் கடினத்தைப் பம்பில் தெரியும் எண் மட்டும் முடிவுசெய்வதில்லை. உள்ளே இருக்கும் காற்று டயரின் ரப்பரோடு சேர்ந்திருக்கும் துணியை எவ்வளவு விறைப்பாக இழுத்துப் பிடிக்கிறது என்பதே கடினம், அந்த இழுவிசையோ அழுத்தத்தையும் அகலத்தையும் பெருக்கினால் வரும் அளவுக்கு ஏற்பக் கூடிக் குறைகிறது. உங்கள் 38 மி.மீ. டயரில் 65 பி.எஸ்.ஐ. என்பது, 28 மி.மீ. சாலை டயரில் ஏறத்தாழ 88 பி.எஸ்.ஐ. அடித்ததற்குச் சமமான விறைப்பு. நீங்கள் 28 மி.மீ. டயரில் 75 வைத்து ஓட்டிப் பழகியவராக இருந்தால், கிராவல் சைக்கிளில் அதைவிடக் கடினமான சக்கரத்தின் மீது உட்கார்ந்து கல்லின் மேல் போய்க்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பழைய விறைப்பைக் கொண்டுவருவதற்கே 55 போதும், சரளையில் அதற்கும் வெகுவாகக் கீழே இறங்க வேண்டும்.

இதை வேறு வழியிலும் பார்க்கலாம். நீங்களும் சைக்கிளும் பையும் சேர்ந்து 92 கிலோ. அதில் சுமார் 52 கிலோ பின்சக்கரத்தில் இறங்குகிறது என்று கொள்வோம். சக்கரத்தின் மேல் இறங்கும் எடையை அழுத்தத்தால் வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழக் கிடைத்துவிடும். 65 பி.எஸ்.ஐ.யில் அது சுமார் 11.5 சதுர செ.மீ., 38 பி.எஸ்.ஐ.யில் சுமார் 19.5 சதுர செ.மீ. உதிரிக் கற்களின் மேல் இவ்வளவு கூடுதல் பரப்பு என்பது பெரிய விஷயம். மென்மையான டயர் சிறு கல்லைச் சுற்றி வளைந்து அதைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது, விறைத்த டயரோ அந்தக் கல்லின் மேல் ஏறி உருள்கிறது அல்லது அதைத் தெறித்து விட்டுப் பக்கவாட்டில் நழுவுகிறது.

புழுதிப்பயணி:

விளக்கத்துக்கு மிக்க நன்றி. ஆனால் ஒரு சந்தேகம் மனத்தை விட்டுப் போகவில்லை. டயர் கடினமாக இருந்தால்தானே லேசாக உருளும்? காற்றுக் குறைந்த சைக்கிளை மிதிப்பது எவ்வளவு கனம் என்பது சிறுவயது முதல் எல்லோரும் அறிந்ததுதானே? மேலும், என் டயரின் பக்கத்தில் 75 என்று பொறித்திருக்கிறார்கள், அதனால்தான் அதற்கு அருகிலேயே வைத்திருந்தேன்.

காற்றுமானி:

பக்கத்தில் பொறித்திருப்பது தாண்டக்கூடாத உச்ச வரம்பு. அதைப் பரிந்துரை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில டயர்களில் குறைந்தபட்ச அளவையும் பொறித்திருப்பார்கள், அதையும் பார்த்துவிடுங்கள்.

உருளும் எதிர்ப்பைப் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் அமுங்கி மீளும்போது ரப்பரும் துணியும் வளைந்து சிறிது ஆற்றலைச் சூடாக்கி வீணடிக்கின்றன. அழுத்தம் கூடினால் இந்த இழப்பு குறையும் என்பது உண்மை. வழுவழுப்பான உலோக உருளையின் மேல் டயரை ஓடவிட்டு அளக்கும் சோதனைகளில் காற்று கூடக்கூட எண்கள் மேம்பட்டுக்கொண்டே போவதற்கும் இதுவே காரணம். ஆனால் அந்த உருளையின் மேல் மனிதன் உட்கார்ந்திருப்பதில்லை. கரடான பாதையில் விறைத்த டயர் ஒவ்வொரு கல்லிலும் 92 கிலோவை ஒரு சிறு உயரம் மேலே தூக்கிக் கீழே போடுகிறது, அந்தக் குலுக்கல் உங்கள் தோள், முதுகு, தொடைத் தசைகளில் உரசித் தேய்ந்து வெப்பமாகப் போய்விடுகிறது. அந்த ஆற்றலைக் கொடுத்தது உங்கள் கால்கள்தாம். ஆகவே ஒரு குறிப்பிட்ட அழுத்தம் வரை ஏற்றினால் பயன் உண்டு, அதைத் தாண்டியதும் துணியில் மிச்சமாவதைக் காட்டிலும் உடலில் பல மடங்கு இழக்கிறோம். பாதை எவ்வளவு கரடோ, அந்தத் திருப்புமுனை அவ்வளவு கீழே இருக்கும்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தத் திருப்புமுனைக்குச் சற்றுக் கீழே போனால் இழப்பு மெல்ல ஏறுகிறது, மேலே போனால் சட்டென்று ஏறுகிறது. எனவே, சந்தேகம் இருந்தால் இரண்டு பி.எஸ்.ஐ. குறைவாக வைப்பதே நல்லது. உங்கள் கைகள் மரத்துப்போவதைச் சொகுசுக் குறைவு என்று மட்டும் நினைக்காதீர்கள், உங்கள் வேகம் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது.

நெடுவழி:

கோட்பாடு சரிதான், ஆனால் நண்பர் டியூப் போட்டு ஓட்டுகிறார் என்பதை யாரும் மறந்துவிடக் கூடாது. டியூப் உள்ள சக்கரத்தில் அழுத்தம் மிகவும் குறைந்தால், கூரான கல்லில் மோதும்போது டயர் முழுவதும் அமுங்கி, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கும். அருகருகே இரண்டு ஓட்டைகள் விழுவதால் அதைப் பாம்புக்கடி என்று சொல்கிறார்கள். ஆகவே 92 கிலோ மொத்த எடைக்கு 38 மி.மீ. டியூப் டயரில் முன்னே 38, பின்னே 42 என்ற அளவுக்குக் கீழே போக வேண்டாம் என்பேன். அதற்கும் கீழே போக ஆசை வந்தால் டியூப்லெஸ்ஸுக்கு, அதாவது டியூப் இல்லாமல் டயரும் ரிம்முமே காற்றைப் பிடித்துவைக்கும் முறைக்கு மாறுங்கள். அதில் நசுங்குவதற்கு டியூப் இல்லை, முள் குத்தினால் உள்ளே ஊற்றியிருக்கும் சீலன்ட் என்ற அடைப்புத் திரவம் ஓட்டையை அடைத்துவிடும்.

உங்களுக்கு ஏற்ற எண்ணைக் கண்டுபிடிக்கும் முறையையும் சொல்கிறேன். கரடான தரை, உதிரி வளைவு, ஒரு சிறு இறக்கம் மூன்றும் உள்ள இரண்டு கிலோமீட்டர் சுற்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பி.எஸ்.ஐ. மட்டும் குறைத்து, ஒரே வேகத்தில் ஓட்டி, என்ன தோன்றியது என்று எழுதிவையுங்கள். வளைவில் சைக்கிளைச் சாய்க்கும்போது டயர் உங்களுக்குக் கீழே நெளிவதாகத் தோன்றினாலோ, ரிம்மில் கல் தட்டும் சத்தம் ஒருமுறை கேட்டாலோ அங்கே நிறுத்தி மூன்று பி.எஸ்.ஐ. ஏற்றிக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்கள் தொடங்கும் இடத்தைத்தான் காட்டும். முடிக்கும் இடத்தை உங்கள் பாதைதான் காட்டும்.

மலையிறங்கி:

எல்லாக் குறையையும் காற்றின் மேல் போடுவதை நான் ஏற்கவில்லை. நண்பர் சொன்ன முதல் அடையாளம், உதிரிச் சரளை வளைவில் முன்சக்கரம் வழுக்குவது. கெட்டியான தரையின் மேல் சிறு உருளைக் கற்கள் பரவிக் கிடக்கும் இடத்தில், பக்கப் பட்டன் இல்லாத டயரை எந்த அழுத்தத்தில் ஓட்டினாலும் அது ஓர் எல்லைக்குமேல் பிடிக்காது. சைக்கிள் சாயும்போது தரையைத் தொடுவது டயரின் தோள்பகுதி, அங்கே ஓரத்துக்கு ஒரு வரிசைப் பட்டன் இருந்தால் அது உதிரியைத் துளைத்துக்கொண்டு கீழே இருக்கும் கெட்டித் தரையைப் பற்றும்.

நான் பரிந்துரைப்பது கலப்பு முறை. முன்னே சற்று அகலமான, பக்கப் பட்டன் எழுந்து நிற்கும் டயர், பின்னே நடுப்பகுதி ஏறக்குறைய வழுவழுப்பாகவும் ஓரங்களில் சிறு பட்டன்களோடும் இருக்கும் டயர். பின்சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம், முன்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் விழுந்துவிடுவோம்.

காற்றுமானி:

பக்கப் பட்டனைப் பற்றிச் சொன்னது சரி, நான் அதை விட்டுவிட்டேன். ஆனால் நண்பர் கேட்டது "பெரிய பட்டன்" என்பதால் ஓர் எச்சரிக்கை: கெட்டியான தரையிலும் தாரிலும் உயரமான பட்டன்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மடங்கி நிமிர்கின்றன, அதனால் உருளுவது கனக்கிறது, வளைவில் ஒரு தள்ளாட்டமும் வருகிறது. உயர்ந்த பட்டனுக்கு உண்மையான வேலை இருப்பது ஈரச் சேற்றிலும் தளர்ந்த மண்ணிலும்தான். சேற்றில்கூட பட்டனின் உயரத்தைவிட பட்டன்களுக்கு நடுவே உள்ள இடைவெளியே முக்கியம், இடைவெளி நெருக்கமாக இருந்தால் சேறு அப்பிக்கொண்டு அரைச் சுற்றிலேயே மொட்டை டயராகிவிடும்.

என்னைப் பொறுத்தவரை வரிசை இதுதான்: முதலில் அகலம், அடுத்து அழுத்தம், பிறகு டயரின் துணி, கடைசியில் பட்டன். கடைகளில் கண்ணுக்கு முதலில் தெரிவது பட்டன் என்பதால் எல்லோரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்.

மலையிறங்கி:

சேற்றுப் பாதைக்காரர்களுக்கு அந்த வரிசையில் பட்டன் இரண்டாம் இடத்துக்கு வரும் என்பதை மட்டும் பதிவுசெய்துகொள்கிறேன். காய்ந்த பாதைக்கு உங்கள் வரிசையை ஏற்கிறேன்.

இரும்புச்சட்டம்:

அகலம் என்று பேச்சு வந்துவிட்டதால் நடைமுறைச் செய்திகள் சிலவற்றைச் சேர்க்கிறேன். டயரில் எழுதியிருக்கும் எண்ணில் 45-622 என்று இருந்தால் 45 என்பது மி.மீ. அகலம், 622 என்பது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். 700 சி என்று சொல்வதும் இதே 622தான், 650 பி என்பது 584. ஆனால் அந்த 45 உங்கள் ரிம்மில் 45 ஆகவே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ரிம்மின் உள்ளகலம் ஒரு மி.மீ. கூடினால் டயர் சுமார் 0.4 மி.மீ. அகலும், புது டயர் சில நாள் காற்றோடு இருந்தபின் இன்னும் சற்று விரியும். எனவே வெர்னியர் அளவியால் அளந்து, அந்த உண்மையான அகலத்தையே அழுத்தக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்திலும் முன் கவைக்கோலிலும் (ஃபோர்க்) எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்காமல் 45 வாங்கிவிட வேண்டாம். இரு பக்கமும் குறைந்தது ஐந்து மி.மீ. வெளி இருக்க வேண்டும். ஒட்டிக்கொண்டு வரும் சிறு கல்லும் காய்ந்த சேறும் சட்டத்தின் வண்ணத்தை மட்டும் சுரண்டுவதில்லை, கார்பன் சட்டமாக இருந்தால் இழைகளையே தின்றுவிடும். 700 சி அளவில் இடம் போதாதவர்கள் 650 பி சக்கரத்துக்கு மாறுவதுண்டு. 650 பி அளவில் 47 மி.மீ. டயரின் மொத்த விட்டமும் 700 சி அளவில் 28 மி.மீ. டயரின் மொத்த விட்டமும் கணக்குப்படி ஒன்றே, இரண்டுமே 678 மி.மீ. ஆகையால் பெடலின் உயரமும் சைக்கிள் திரும்பும் குணமும் பெரிதாக மாறாது. ஆனால் டிஸ்க் பிரேக் வேண்டும், அகலத்துக்கு இடம் வேண்டும்.

ரிம் கொக்கி இல்லாத வகையா, அதாவது டயரின் விளிம்பைப் பிடிக்கும் உள்வளைவு ஓரத்தில் இல்லாததா என்பதையும் தயவுசெய்து பாருங்கள். அப்படிப்பட்ட ரிம்மில் பொதுத் தரம் அனுமதிக்கும் உச்சம் 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ. டயரில் எழுதிய வரம்பும் ரிம்மில் எழுதிய வரம்பும் வேறுபட்டால், குறைந்ததே உங்கள் வரம்பு. கொக்கி இல்லாத ரிம்முக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொல்லாத டயரை அதில் மாட்டவே கூடாது. இதை நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் ஓடும் வேகத்தில் டயர் ரிம்மிலிருந்து கழன்றால் ஓட்டுபவரால் ஒன்றுமே செய்ய முடியாது.

புழுதிப்பயணி:

முதல் வாரத்தின் அறிக்கை. 42க்கும் 46க்கும் இறக்கித் தொடங்கி, நெடுவழி சொன்னபடி இரண்டிரண்டாகக் குறைத்து, 38க்கும் 42க்கும் வந்து நின்றேன். கை மரத்துப்போவது ஏறக்குறைய நின்றுவிட்டது. இறக்கத்தில் பின்சக்கரம் தத்தவில்லை. வியப்பு என்னவென்றால், அதே சுற்றை அதே மூச்சுவாங்கலோடு ஓட்டியும் நேரம் கூடவில்லை, சற்றுக் குறைந்தது. உதிரி வளைவு மட்டும் இன்னும் பயமுறுத்துகிறது, மலையிறங்கி சொன்னது அந்த இடத்தில் பொருந்துகிறது. ரிம் டியூப்லெஸ்ஸுக்கு ஏற்றது, கொக்கி உள்ளது. மாறிவிட முடிவு செய்திருக்கிறேன். சீலன்ட் எவ்வளவு ஊற்ற வேண்டும்? வழியில் அது அடைக்காத ஓட்டை விழுந்தால் என்ன செய்வது?

நெடுவழி:

40 மி.மீ. அளவுள்ள டயருக்கு 60 முதல் 90 மி.லி. வரை ஊற்றலாம். அதைவிட முக்கியம், ஊற்றியதை மறக்காமல் இருப்பது. ரப்பர்ப்பால் கலந்த சீலன்ட் காலப்போக்கில் காய்ந்துவிடும், வெப்பமான இடங்களில் இரண்டு மூன்று மாதங்களிலேயே உள்ளே தோல் மட்டும் மிஞ்சும். வால்வின் நடுத்தண்டைக் கழற்றி மெல்லிய குச்சியை விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டவில்லையென்றால் மறுபடியும் ஊற்றுங்கள்.

முள், கம்பித் துண்டு போன்றவற்றின் சிறு ஓட்டைகளைச் சீலன்ட் தானே அடைக்கும். நான்கைந்து மி.மீ. ஓட்டைக்கு ரப்பர்த் திரியைச் செருக வேண்டும். பக்கச்சுவர் கிழிந்தால்தான் சிக்கல். நீண்ட பயணம் ஒன்றில் கூரிய கல் என் பின் டயரின் பக்கத்தை இரண்டு செ.மீ. அளவுக்குக் கிழித்துவிட்டது. திரி நிற்கவில்லை. பழைய டயரிலிருந்து வெட்டிவைத்திருந்த துண்டு ஒன்றை உள்பக்கம் வைத்து, டியூப் போட்டு ஊர் திரும்பலாம் என்று காற்றடித்தேன். இருநூறு மீட்டரில் மறுபடியும் பஞ்சர். சீலன்ட் இருந்ததால் பல வாரங்களாக டயரில் குத்தி நின்ற முட்களை நான் அறியவே இல்லை, அவற்றில் ஒன்று புது டியூப்பைக் குத்திவிட்டது. அன்று முதல், டியூப் போடுவதற்கு முன் டயரின் உட்புறம் முழுவதையும் துணியால் துடைத்து, துணி மாட்டும் இடத்திலெல்லாம் முள்ளைப் பிடுங்குகிறேன்.

வால்வின் அடியில் உள்ள திருகு வளையத்தை விரலால் மட்டும் இறுக்குங்கள். குறட்டால் முறுக்கிவைத்தால், வழியில் டியூப் போட வேண்டிய நாளில் வால்வைக் கழற்றவே முடியாது.

உங்கள் பாதை கூரிய கற்கள் நிறைந்ததென்றால் பக்கச்சுவர் வலுத்த டயரை வாங்குங்கள். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியாவில் நடக்கும் அன்பவுண்ட் கிராவல் போட்டியின் பாதை தீக்கல் நிறைந்தது. அந்தக் கற்கள் டயரைக் கிழிப்பதற்குப் பேர்போனவை, அங்கே எடைகுறைந்த டயரோடு போய் நடுவழியில் நின்றவர்கள் ஏராளம். வலுத்த டயர் 80 அல்லது 100 கிராம் கூடுதலாக இருக்கலாம், சற்றுக் கனமாகவும் உருளலாம். எனக்கு அது பொருட்டே இல்லை.

காற்றுமானி:

டியூப்லெஸ்ஸுக்கு மாறியபின் முன்னே 31, பின்னே 34 என்று தொடங்குங்கள். இந்த அளவுகளில் இரண்டு பி.எஸ்.ஐ. வித்தியாசம் தெளிவாகத் தெரியும், ஆனால் 160 வரை காட்டும் பம்பு முள்ளில் அதைப் படிக்க முடியாது. குறைந்த அழுத்தத்துக்கென்று உள்ள தனி மானி ஒன்று வாங்குங்கள். அது உண்மை அளவிலிருந்து ஒன்று இரண்டு பிசகினாலும் பரவாயில்லை, எப்போதும் அதே மானியால் அளந்தால் போதும்.

எப்போது அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். குளிர்ந்த காலையில் 34 வைத்த டயர், 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 37.5 காட்டும். மலையேறுபவர்கள் கவனிக்க வேண்டியது: கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டர் ஏறினால் வெளிக்காற்று லேசாகிவிடுவதால், டயர் சுமார் 3 பி.எஸ்.ஐ. கூடுதலாக விறைக்கும்.

இரும்புச்சட்டம்:

டியூப்லெஸ்ஸிலும் கீழ்வரம்பு உண்டு. மிகக் குறைத்தால், வளைவில் டயரின் ஓரவிளிம்பு ரிம்மை விட்டு ஒரு கணம் விலகி, புஸ்ஸென்று காற்றும் சீலன்ட்டும் வெளியே தெறிக்கும். ஒருமுறை அப்படி ஆனால் உடனே நின்று அழுத்தத்தைப் பாருங்கள், பாதிக்குப் பாதி போயிருக்கும்.

புழுதிப்பயணி:

ஏழு வாரங்கள் ஆகிவிட்டன. டியூப்லெஸ்ஸில் முன்னே 29, பின்னே 32 என்று நிலைத்திருக்கிறேன். 26க்கு இறக்கியபோது கெட்டித் தரை வளைவில் நெளிவு தெரிந்தது, 27இல் ஒருமுறை ரிம் தட்டியது, அதனால் 29. டயரை அளந்து பார்த்ததில் 38 என்று எழுதியிருந்தாலும் என் ரிம்மில் 36.5தான் இருக்கிறது. சட்டத்தில் 45க்கு இடம் இருக்கிறது. பின் டயரின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டதால், பக்கப் பட்டன் உள்ள 45 மி.மீ. டயர் ஒன்றை வாங்கிவிட்டேன். தேய்ந்தது பின் டயர் என்பதால் புதியதைப் பின்னால்தானே மாட்ட வேண்டும்?

மலையிறங்கி:

இல்லை. புதியதை முன்னால் மாட்டுங்கள், இப்போது முன்னால் இருக்கும் டயரைப் பின்னுக்கு மாற்றுங்கள், தேய்ந்ததை எடுத்துவிடுங்கள். அகலமான டயர் என்பதால் முன்னே 24இல் தொடங்கி உங்கள் வளைவுக்குப் போய்ப் பாருங்கள்.

நெடுவழி:

தேய்ந்ததைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதன் பக்கச்சுவரிலிருந்து ஐந்து செ.மீ. துண்டு ஒன்றை வெட்டி, ஓரத்தை மெலிதாகச் சீவி, பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.